வீட்டு ஷெட்டில் கார் லிஃப்ட் போடப் போறீங்களா? முதல்ல தரையைப் பாருங்க! விருதுநகர், சிவகாசி மெக்கானிக்குகளுக்கு ஒரு முழு விளக்கம்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி, திருத்தங்கல் என எந்தப் பக்கம் போனாலும் வீட்டோடு ஒட்டிய ஒரு தகர ஷெட், வாசலில் கழற்றிப் போட்ட டயர், ஜாக்கி மேல் நிற்கும் வண்டி, அதற்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள் என்ற காட்சி சர்வ சாதாரணம். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகாத பழைய ஆல்டோ, ஆம்னி, டாடா ஏஸ், பொலிரோ பிக்கப் எல்லாம் வந்து நிற்பது இந்த மாதிரி வீட்டு ஒர்க்‌ஷாப்களில்தான்.

இங்கே வேலை பார்ப்பவர்களுக்கு நாற்பது வயதிலேயே முதுகுவலி வந்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஜாக்கி நழுவி வண்டி மேலே இறங்குவது. அதனால்தான் "ஒரு லிஃப்ட் போட்டுடலாமா?" என்ற கேள்வி இப்போது பல ஷெட்களில் கேட்கிறது.

போடலாம். ஆனால் எந்த லிஃப்ட்? வீட்டுத் தரை தாங்குமா? கூரை உயரம் போதுமா? வீட்டு கரண்ட்டில் ஓட்டலாமா? பட்டாசு லோடு ஏற்றும் வண்டி வந்தால் என்ன செய்வது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஜாக்கியும் ஹாலோ பிளாக்கும் ஏன் ஆபத்து?

ஜாக்கி என்பது வண்டியைத் தூக்குவதற்கான கருவி. தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்பது அதன் வேலை கிடையாது. ஹைட்ராலிக் ஜாக்கிக்குள் இருக்கும் ஒரு சின்ன ரப்பர் சீல் தேய்ந்தாலே போதும், எண்ணெய் கசிந்து வண்டி இறங்கிவிடும். அது மெதுவாக இறங்குமா, சட்டென்று இறங்குமா என்பது யாருக்கும் தெரியாது.

அதற்காகப் பலர் அடியில் ஹாலோ பிளாக், செங்கல் வைக்கிறார்கள். இது இன்னும் மோசம். சுவரில் வரிசையாக அடுக்கும்போது எடை பரவலாக இறங்குவதால் ஹாலோ பிளாக் தாங்கும். வண்டியின் ஒரு முனை மட்டும் அதன் மேல் அழுத்தினால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நொறுங்கிவிடும்.

லிஃப்ட் வாங்க இப்போதைக்குப் பணம் இல்லை என்றால், முதலில் வாங்க வேண்டியது நான்கு நல்ல ஜாக் ஸ்டாண்ட். லிஃப்ட் விலையில் அது மிகச் சின்னப் பங்குதான். ஆனால் உயிரைக் காப்பாற்றும் பொருள்.

என்னென்ன வகை லிஃப்ட் இருக்கு?

*டூ போஸ்ட் லிஃப்ட்:* இரண்டு பக்கமும் ஒவ்வொரு தூண், ஒவ்வொரு தூணிலும் இரண்டு கைகள். நான்கு கைகளும் வண்டியின் அடிப்பகுதியைப் பிடித்துத் தூக்கும். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்குவதால் பிரேக், சஸ்பென்ஷன், கிளட்ச், கியர்பாக்ஸ் என எல்லா வேலைக்கும் வசதி. ஒர்க்‌ஷாப்களில் அதிகம் இருப்பது இதுதான். சந்தையில் 4 டன் மாடல் பரவலாகக் கிடைக்கிறது. தரை மிக உறுதியாக இருக்க வேண்டும் என்பதுதான் இதன் பெரிய நிபந்தனை.

*ஃபோர் போஸ்ட் லிஃப்ட்:* நான்கு தூண், நடுவில் இரண்டு நீளப் பலகைகள். வண்டியை அப்படியே ஓட்டி ஏற்றலாம். வீல் அலைன்மென்ட், ஆயில் மாற்றுவது, சைலன்சர் வேலைக்கு நல்லது. ஆனால் சக்கரம் பலகை மேல் உட்கார்ந்திருப்பதால், சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் தனியாக ஒரு ஜாக் வேண்டும். இடமும் அதிகம் பிடிக்கும்.

*சிசர் லிஃப்ட்:* கத்தரிக்கோல் மாதிரி மடங்கி விரியும். இறக்கி வைத்தால் தரையோடு தரையாகக் கிடக்கும். இதில் பாதி உயரம் மட்டும் போகும் மாடல்கள், கூரை தாழ்வாக உள்ள வீட்டு ஷெட்டுக்கு ஏற்றவை. டயர், பிரேக், டிங்கரிங் வேலைக்குப் போதும். ஆனால் நடுவில் லிஃப்ட்டே இடத்தை அடைத்துக்கொள்வதால் கியர்பாக்ஸ் இறக்குவது சிரமம்.

*ஒற்றைப் பிஸ்டன் லிஃப்ட்:* வாட்டர் வாஷ் கடைகளில் பார்த்திருப்பீர்கள். தரைக்கு அடியில் சிலிண்டர் புதைத்து, கம்ப்ரஸர் காற்றின் அழுத்தத்தால் எண்ணெயைத் தள்ளி வண்டியைத் தூக்குவார்கள். கழுவுவதற்கு நல்லது. மெக்கானிக் வேலைக்கு நடுவில் இருக்கும் பிஸ்டனே தடை. புதைத்த சிலிண்டரில் கசிவு வந்தால் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

*பைக் லிஃப்ட்:* டூவீலர் மெக்கானிக்குகளுக்கு இதுதான் சரி. காலால் அழுத்தும் ஹைட்ராலிக் மாடல், காற்றில் இயங்கும் மாடல், மோட்டார் மாடல் என்று மூன்று விதம். ஸ்பிளெண்டர் சுமார் 112 கிலோ, கிளாசிக் 350 புல்லட் சுமார் 195 கிலோ. ஆக, 300 கிலோவுக்கு மேல் தாங்கும் எந்த நல்ல மாடலும் போதும். முன் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் உறுதியாக இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள்.

லிஃப்ட்டுக்குப் பதிலா பள்ளம் தோண்டிக்கலாமா?

லாரி பட்டறைகளில் இருக்கும் பள்ளம் செலவு குறைவுதான். ஆனால் வீட்டு ஷெட்டில் யோசிக்க வேண்டும். பெட்ரோல் ஆவி, எல்பிஜி இரண்டுமே காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் மேலே போகாமல் பள்ளத்தில் தேங்கும். அங்கே ஒரு லைட் சுவிட்ச் பொறி பட்டாலே போதும், உள்ளே நிற்பவர் தப்பிப்பது கஷ்டம். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், வீட்டுக் குழந்தைகள் விழும் அபாயமும் இருக்கிறது.

4 டன் லிஃப்ட் என்றால் 4 டன் ஏற்றலாமா?

இங்கேதான் பலர் கணக்கை விட்டுவிடுகிறார்கள். ஸ்விஃப்ட் சுமார் 900 கிலோ, ஈக்கோ அதைவிடக் கொஞ்சம் கூட, இன்னோவா கிரிஸ்டா சுமார் 1,800 கிலோ. கார்களுக்கு 4 டன் லிஃப்ட் தாராளம்.

பிரச்சினை லோடு வண்டியில் வருகிறது. பொலிரோ பிக்கப் மாதிரி வண்டிகள் சரக்கோடு சேர்த்து 3 டன்னை நெருங்கும். "3 டன்தானே, லிஃப்ட் 4 டன்னாச்சே?" என்று தோன்றும். ஆனால் 4 டன் என்பது நான்கு கைகளுக்கும் சேர்த்து. பொதுவாக ஒரு கைக்கு 1 டன்தான் கணக்கு.

ஒரு உதாரணம் பார்ப்போம். 3,000 கிலோ வண்டியில் சரக்கு பின்னால் இருப்பதால் 2,100 கிலோ பின்பக்கம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் உள்ள இரண்டு கைகளுக்கும் தலா 1,050 கிலோ. மொத்த எடை வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் பின் கைகள் வரம்பைத் தாண்டிவிட்டன.

அதனால் விதி எளிது: சரக்கு ஏற்றிய வண்டியை லிஃப்ட்டில் ஏற்றக்கூடாது. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் "அண்ணே, லோடு அவசரம், அப்படியே தூக்கிப் பாத்துருங்க" என்று டிரைவர் கேட்பார். சரக்கை இறக்கிவிட்டு வரச் சொல்லுங்கள்.

கரிசல் மண்: இந்த ஊருக்கே உரிய சிக்கல்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

டூ போஸ்ட் லிஃப்ட்டில் வண்டியின் எடை தூணுக்கு நேர் கீழே இறங்குவதில்லை. கைகள் உள்பக்கமாக நீண்டு வண்டியைத் தாங்குவதால், எடை தூண்களை உள்பக்கம் சாய்க்கப் பார்க்கும். தூண் சாயாமல் பிடித்து வைத்திருப்பது தரையில் அடித்த ஆங்கர் போல்ட்டுகள். அந்த போல்ட்டுகளைப் பிடித்து வைத்திருப்பது கான்கிரீட். கான்கிரீட்டைத் தாங்குவது அடியில் உள்ள மண். கடைசியில் எல்லாம் மண்ணில்தான் போய் நிற்கிறது.

விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி கரிசல் பூமி. கரிசல் மண்ணின் குணம் நமக்குத் தெரிந்ததுதான். மழை பெய்தால் உப்பும், வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். நீரை உறிஞ்சி விரிவடையும் ஒருவகைக் களிமண் அதில் அதிகம் என்பதே காரணம். வீட்டுச் சுவரில் ஆண்டுதோறும் புதுக் கீறல் விழுவதும் இதனால்தான். சுவரில் கீறல் விட்டால் பூசிக்கொள்ளலாம். லிஃப்ட் போல்ட் இருக்கும் இடத்தில் தரை கீறினால், மேலே வண்டி, கீழே ஆள்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

• லிஃப்ட் வரும் இடத்தில் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு, கிராவல் நிரப்பி, தண்ணீர் விட்டு, அடுக்கடுக்காக நன்றாக இறுக்க வேண்டும். எவ்வளவு ஆழம் என்பதை மண்ணைப் பார்த்து ஒரு சிவில் இன்ஜினியர் சொல்ல வேண்டும். கொத்தனார் கைக்கணக்கு இங்கே உதவாது.

• அதன் மேல் கம்பி கட்டிய ஆர்.சி.சி தளம். கான்கிரீட்டின் தரமும் தடிமனும் லிஃப்ட் கம்பெனி கொடுக்கும் மேனுவலில் இருக்கும். 150 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனும் எம்25 தரமும் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. மேனுவல் அதற்கு மேல் கேட்டால் அதன்படிதான் போட வேண்டும்.

• கான்கிரீட் முழு பலத்துக்கு வர 28 நாள் ஆகும். "ஒரு வாரத்துல காய்ஞ்சிடுச்சு, போல்ட் அடிச்சிடலாம்" என்று அவசரப்படாதீர்கள். இந்த வெயிலில் தண்ணீர் ஊற்றி நனைப்பதை விட்டால், எத்தனை நாள் காத்திருந்தும் பலன் இல்லை.

• டைல்ஸ், மார்பிள், வெறும் சிமென்ட் பூச்சு மேல் போல்ட் அடிக்கவே கூடாது. தளத்தின் ஓரத்துக்கும், ஏற்கெனவே கீறல் உள்ள இடத்துக்கும் பக்கத்தில் அடிப்பதும் தப்பு.

• மழைத் தண்ணீர் ஷெட்டின் ஓரமாக இறங்காதபடி வடிகால் வையுங்கள். கரிசலுக்கு ஈரம் போகாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை குறைந்துவிடும்.

போர்டிகோவுக்கு அடியில் சம்ப் இருக்கா?

தண்ணீர்ப் பஞ்சம் பழகிய ஊர் இது. அதனால் நிறைய வீடுகளில் கார் நிறுத்தும் போர்டிகோவுக்கு அடியில்தான் தண்ணீர்த் தொட்டி இருக்கும். சில வீடுகளில் செப்டிக் டேங்க்கும் அங்கேயே.

தொட்டி மூடியின் மேல் கார் நின்றால் தாங்கலாம். ஆனால் லிஃப்ட்டின் தூண் அங்கே வரக்கூடாது. நான்கு சக்கரத்தில் பரவியிருந்த எடை இரண்டே இடத்தில் இறங்கும். போல்ட் துளை போட்டாலே தொட்டியின் மேல்தளம் பலம் இழந்துவிடும். வீடு கட்டும்போது தொட்டி எதுவரை போகிறது என்று தெரியாவிட்டால், தோண்டிப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் இடம் குறிக்க வேண்டும்.

தரையை மாற்ற வழியே இல்லை என்றால் டூ போஸ்ட்டை மறந்துவிடுங்கள். ஃபோர் போஸ்ட், சிசர் இரண்டிலும் எடை நேராகக் கீழே இறங்குவதால் தரைக்குச் சிரமம் குறைவு. ஆனாலும் சம்ப் மேல் இவையும் வேண்டாம்.

கூரை உயரம்: அளக்காமல் ஆர்டர் போடாதீங்க

கணக்கு எளிது. வண்டியின் உயரம் + தூக்க வேண்டிய உயரம் + கொஞ்சம் இடைவெளி.

ஒரு ஆள் நிமிர்ந்து நின்று வேலை பார்க்க வண்டியைச் சுமார் 1.8 மீட்டர் தூக்க வேண்டும். ஸ்விஃப்ட் உயரம் சுமார் 1.5 மீட்டர். இரண்டையும் கூட்டினால் 3.3 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 11 அடி. ஈக்கோ, டாடா ஏஸ், பொலிரோ எல்லாம் 1.8 மீட்டரை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். அப்படிப் பார்த்தால் 12 அடிக்கு மேல் வேண்டும். சாதாரண வீட்டின் கூரை 10 அடிதான். போர்டிகோவில் முழு உயர லிஃப்ட் ஏன் சரிப்படாது என்பது இப்போது புரிந்திருக்கும்.

தகர ஷெட் என்றால் சரிவான கூரையின் தாழ்ந்த பக்கத்தில் அளக்க வேண்டும். குறுக்கே போகும் இரும்புச் சட்டம், டியூப் லைட், ஃபேன் எல்லாவற்றையும் கணக்கில் எடுங்கள். வண்டியைத் தூக்கிய பிறகு பானட்டையோ டிக்கியையோ திறக்க வேண்டியிருக்கும், அதற்கும் இடம் வேண்டும்.

அகலத்துக்கு 4 மீட்டர், நீளத்துக்கு 6 மீட்டருக்கு மேல் இருந்தால் டூ போஸ்ட் லிஃப்ட்டைச் சுற்றிச் சிரமமில்லாமல் நடமாடலாம்.

டூ போஸ்ட்டில் இரண்டு மாடல் உண்டு. இரண்டு தூண்களையும் இணைக்கும் ஒயரும் பைப்பும் தரையோடு ஒரு தகட்டுக்குள் போவது ஒன்று, தலைக்கு மேலே குறுக்குச் சட்டம் வழியாகப் போவது இன்னொன்று. கூரை தாழ்வு என்றால் தரைத் தகடு மாடல். கூரை உயரம் என்றால் மேல் சட்ட மாடல். பின்னதில் தரையில் தடுக்கும் மேடு இருக்காது, கியர்பாக்ஸ் டிராலியைத் தள்ளுவது சுலபம்.

வீட்டு கரண்ட்டில் ஓட்டலாமா?

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மோட்டார். டூ போஸ்ட் லிஃப்ட் மோட்டார் பொதுவாக 2.2 கிலோவாட், அதாவது சுமார் 3 ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ், த்ரீ ஃபேஸ் இரண்டிலும் கிடைக்கும். சிங்கிள் ஃபேஸ் என்றால் மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதிக கரண்ட் இழுக்கும். மெல்லிய ஒயரில் கொடுத்தால் வீட்டில் லைட் மங்கும், ஒயர் சூடாகும். கம்ப்ரஸரும் வெல்டிங் மெஷினும் சேர்ந்து ஓடும் இடத்தில் த்ரீ ஃபேஸ்தான் நல்லது. எர்த்திங் கட்டாயம்.

இரண்டாவது, சட்டம். சொந்தக் காரை ரிப்பேர் பார்ப்பது வேறு. காசு வாங்கி அடுத்தவர் வண்டியைப் பார்த்தால் அது தொழில். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால், மின்சாரச் சட்டம் 2003-ன் 126-வது பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு வசூலிக்க முடியும். எந்தக் கட்டணப் பிரிவில் இணைப்பு வாங்க வேண்டும் என்பதைப் பக்கத்து மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு, தனி மீட்டர் போட்டுவிடுங்கள். உள்ளாட்சி அமைப்பிடம் தொழில் உரிமமும் வாங்க வேண்டும். சிவகாசிக்குள் என்றால் மாநகராட்சியில்.

பாதி வேலையில் கரண்ட் போனால்?

வண்டி விழாது. தூக்கிய பிறகு லிஃப்ட்டை இரும்பு லாக்கில் உட்கார வைத்திருந்தால், எடையைத் தாங்குவது அந்த லாக்தான். எண்ணெய் கசிந்தாலும், ஹோஸ் வெடித்தாலும் லாக் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. லாக்கிலிருந்து விடுவிக்க, பெரும்பாலான மாடல்களில் முதலில் வண்டியைக் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும். கரண்ட் இல்லாமல் எப்படித் தூக்குவது? அதனால் வாங்கும்போதே கையால் அடிக்கும் பம்ப் வசதி இருக்கிறதா, லாக்கைக் கையால் இழுத்து விடுவிக்க முடியுமா என்று கேளுங்கள். மின்காந்தத்தில் மட்டும் இயங்கும் லாக் என்றால் கரண்ட் வரும்வரை வண்டி மேலேதான்.

இரண்டு தூணுக்கும் தனித்தனி லாக் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் லாக் இருக்கும் லிஃப்ட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பட்டாசு லோடு வண்டி வந்தால்?

வேறு ஊர் ஒர்க்‌ஷாப்களுக்கு இந்தக் கேள்வியே வராது. நமக்கு வரும்.

பட்டாசு, வெடிமருந்து ஏற்றிய வண்டியை ஷெட்டுக்குள் விடவே கூடாது. வெல்டிங், கிரைண்டிங், பேட்டரி கழற்றுவது என எல்லா வேலையிலும் பொறி பறக்கும். லிஃப்ட் என்றால் இன்னும் மோசம்: வண்டி ஆறடி உயரத்தில் இருக்கும்போது தீப்பிடித்தால் வெளியே தள்ளக்கூட முடியாது.

காலி வண்டி என்றாலும் நம்பிவிடக் கூடாது. அலுமினியப் பவுடர், கந்தகம், வெடியுப்பு போன்ற மூலப்பொருள் ஏற்றிய வண்டியின் பலகை இடுக்கில், சேஸ் மேல் மருந்துத் தூசி படிந்திருக்கலாம். அடியில் வெல்டிங் வைக்கும் முன்பு டிரைவரிடம் என்ன லோடு ஏற்றினீர்கள் என்று கேட்டு, வண்டியை வெளியிலேயே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவைத்து, பிறகு உள்ளே எடுங்கள். அலுமினியப் பவுடர் ஏற்றிய வண்டியில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அது ஈரம் பட்டாலும் வினைபுரியக்கூடிய பொருள். எனவே அதைச் சுத்தம் செய்வது ஆலையில், அதன் பாதுகாப்பு முறை தெரிந்தவர்களின் வேலை. அங்கே சுத்தம் செய்த பிறகு வரச் சொல்வதே சரி.

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தை இந்த வட்டாரம் மறக்காது. பொறியும் மருந்தும் சந்தித்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதே காரணத்தால், பட்டாசோ மருந்தோ வைத்திருக்கும் வீட்டில், அதை ஒட்டிய கட்டடத்தில் ஒர்க்‌ஷாப் போடும் யோசனையே கூடாது.

எங்கே பிடித்துத் தூக்குவது?

லிஃப்ட் விபத்துக்குத் தப்பான இடத்தில் கை வைப்பது ஒரு முக்கியக் காரணம்.

பெரும்பாலான கார்களுக்குத் தனி சேஸ் கிடையாது, பாடியே சேஸ். கதவுக்குக் கீழே ஓரத்தில் பலப்படுத்திய நான்கு இடங்கள் இருக்கும். ரப்பர் பேடு அங்கேதான் உட்கார வேண்டும். கொஞ்சம் தள்ளி வைத்தால் தகடு நசுங்கும், வண்டி சரியும்.

பொலிரோ, டாடா ஏஸ் போன்றவற்றுக்கு அடியில் சேஸ் சட்டம் உண்டு. அங்கே பேடு எட்டுவதற்கு உயரத் துண்டுகள் தேவைப்படும். லிஃப்ட்டோடு அவை வருகிறதா என்று பாருங்கள்.

எலெக்ட்ரிக் கார் வந்தால் கூடுதல் கவனம். தரை முழுக்க பேட்டரி இருக்கும். பேட்டரிப் பெட்டியில் கையோ சிசர் பலகையோ அழுத்தவே கூடாது.

இன்னொன்று: வண்டி மேலே இருக்கும்போது இன்ஜினையோ பின் ஆக்சிலையோ கழற்றினால் எடைச் சமநிலை மாறிவிடும். அதுவரை ஆடாமல் நின்ற வண்டி ஒரு பக்கமாகக் கவிழப் பார்க்கும். கழற்றும் முன்பே எதிர்ப்பக்கத்தில் உயரமான ஸ்டாண்ட் கொடுத்துவிட வேண்டும்.

விலை, கடன், மானியம்

புது டூ போஸ்ட் லிஃப்ட் லட்சத்துக்கு மேல்தான் வரும். கம்பெனி, மாடலைப் பொறுத்து விலை மாறும். அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி, லாரி வாடகை, பொருத்தும் கூலி, தரை வேலை, மின் இணைப்பு எல்லாம் சேரும். லிஃப்ட் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போட்டால் பாதியில் நிற்க வேண்டியதுதான்.

ஒரு கணக்கு: எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 ஆண்டில் அடைத்தால் மாதம் 4,000. மாதத்துக்கு 25 வேலை நாள் என்றால் நாளுக்கு 160 ரூபாய், வட்டி தனி. நாளுக்கு ஒரு வண்டியாவது லிஃப்ட் வேலைக்கு வந்தால் சுமை தெரியாது. வாரத்துக்கு ஒன்றுதான் வரும் என்றால் ஜாக் ஸ்டாண்டும் ஒரு நல்ல டிராலி ஜாக்கும் போதும்.

முத்ரா திட்டத்தில் 'கிஷோர்' பிரிவில் 5 லட்சம் வரை கடன் கேட்கலாம். புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் பற்றி விருதுநகர் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். அதன் மானியம் 15 முதல் 35 சதவீதம் வரை, பிரிவையும் ஊரையும் பொறுத்து. முதலில் லிஃப்ட்டை வாங்கிவிட்டுப் பிறகு மானியம் கேட்டால் கிடைக்காது. விண்ணப்பம்தான் முதலில்.

நம் மாநிலத்திலேயே கோவையின் ஏடிஎஸ் எல்ஜி போன்ற நிறுவனங்கள் லிஃப்ட் விற்கின்றன. இறக்குமதி மாடல்கள் விலை குறைவாக இருக்கலாம். எதை வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "சீல், ஒயர் ரோப், லாக் ஸ்பிரிங் போனா மதுரையில கிடைக்குமா? ஆள் எத்தனை நாள்ல வருவாங்க?"

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம், கண்ணை மூடிக்கொண்டு அல்ல. தூணில் புதிதாக வெல்டிங் வைத்த தடம் இருந்தால் வேண்டாம். சிலிண்டர் தண்டில் கீறல், துரு இருந்தால் சீல் நிற்காது. ஒயர் ரோப்பில் ஒரு நூல் அறுந்திருந்தாலும் மாற்றியாக வேண்டும். எடை அளவு பொறித்த தகடும் மேனுவலும் இல்லாத லிஃப்ட்டை விட்டுவிடுங்கள். ஆங்கர் போல்ட்டைப் பழசு எடுத்துப் போடக்கூடாது, புதிதுதான். வாங்கும் முன்பு ஒரு வண்டியை ஏற்றி, அரை மணி நேரம் நிறுத்தி, ஒரு பக்கம் இறங்குகிறதா என்று பாருங்கள்.

தினமும் செய்ய வேண்டியது

• நான்கு பேடும் சரியான இடத்தில் இருக்கிறதா, கைகளின் பூட்டு விழுந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

• சக்கரம் தரையை விட்டு அரையடி மேலே வந்ததும் நிறுத்துங்கள். பம்பரைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இறக்கி, மறுபடி வையுங்கள்.

• தேவையான உயரம் வந்ததும் லாக்கில் உட்கார வைத்த பிறகுதான் அடியில் போக வேண்டும்.

• வண்டிக்குள் ஆள் இருக்கக்கூடாது. வீட்டுப் பிள்ளைகள் ஷெட்டுக்குள் வராதபடி ஒரு கதவோ சங்கிலியோ போடுங்கள். வீட்டு ஒர்க்‌ஷாப்பில் இதுதான் அதிகம் மறந்துபோவது.

• மாதம் ஒரு முறை ஆங்கர் போல்ட் இறுக்கம், ஒயர் ரோப் இழுவிசை, எண்ணெய் அளவு பார்க்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை, கோடை முடிந்ததும் ஒரு முறை தூண் அடியில் தரையில் கீறல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். மயிரிழைக் கீறல் என்றாலும் இன்ஜினியர் வந்து பார்க்கும்வரை லிஃப்ட்டை நிறுத்திவிடுங்கள்.

சுருக்கமா சொன்னா...

டூவீலர் மட்டும் பார்ப்பவருக்கு பைக் லிஃப்ட். கூரை 10 அடி, அடியில் நல்ல தரை, டயர், பிரேக் வேலை என்றால் பாதி உயர சிசர். 12 அடிக்கு மேல் ஷெட், புதிதாகப் போட்ட ஆர்.சி.சி தளம், தினமும் வண்டி வரத்து என்றால் டூ போஸ்ட். தரைக்கு அடியில் சம்ப், மண் சரியில்லை, செலவழிக்கவும் முடியாது என்றால் இப்போதைக்கு நான்கு ஜாக் ஸ்டாண்ட்.

லிஃப்ட் விற்பவர் மோட்டாரைப் பற்றி, கேரண்டியைப் பற்றி நிறைய பேசுவார். உங்கள் தரையைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேட்காதவரிடம் வாங்காதீர்கள்.